பழைய பெட்டியிலிருந்து புதுப் பெட்டிக்கு: வடசென்னை மெயில்களின் புலப்பெயர்வு குறித்து ஓர் ஆய்வு

1. ஆய்வுக் களம்

சென்னைத் துறைமுகத்தின் ஜீரோ கேட்டில் தொடங்கி, கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் எண்ணூர் விரைவுச் சாலை வழியே திருவொற்றியூரைத் தாண்டி, 2001-இல் இயங்கத் தொடங்கிய எண்ணூர் துறைமுகம் வரை இவ்வாய்வின் எல்லை. இந்த வட்டாரத்தில் சரக்கு நகர வேண்டுமானால் முதலில் மெயில் நகர வேண்டும். பில் ஆஃப் லேடிங் நகல், இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட் எல்லாம் அதில்தான் வந்து இறங்குகின்றன. 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. அதனால் சுங்க கிளியரிங் ஆபீஸ்களுக்குப் புதுக் கணினிப் பெட்டிகள் வந்தன. சிக்கலும் கூடவே வந்தது.

2. புராணச் சான்று

திருவொற்றியூரில் சங்கிலி நாச்சியாரை மணந்த சுந்தரர், அவரைப் பிரியமாட்டேன் என்று சத்தியம் செய்ய வேண்டியிருந்தது. ஊர் ஊராகப் போகிறவருக்கு அது கட்டுப்படியாகுமா? சத்தியம் செய்யும் நேரத்தில் சன்னதியை விட்டு மகிழ மரத்தடியில் இருக்கும்படி சிவனிடம் கேட்டுக்கொண்டார். சிவனும் சம்மதித்துவிட்டு, சத்தியத்தை மகிழடியிலேயே வாங்கும்படி நாச்சியாரின் கனவில் போய்ச் சொன்னார். இதிலிருந்து பெறப்படும் விதி: கும்பிடும் இடம் ஒன்று, சாமி இருக்கும் இடம் வேறொன்றாக இருக்கலாம்.

3. கள ஆய்வு

ஒரு கிளியரிங் ஆபீஸில் கேட்ட உரையாடல்:

"மெயிலெல்லாம் ஏத்திட்டியா தம்பி?"

"ஏத்திட்டேண்ணா. ரெண்டே செகண்டு."

"பத்து வருஷத்து மெயிலு ரெண்டே செகண்டுல ஏறிச்சா? இன்னாத்த ஏத்துன நீ?"

தம்பி பென் டிரைவில் ஏற்றியது டெஸ்க்டாப்பில் இருந்த அவுட்லுக் ஐகானை. எடை சில கேபி. சன்னதி புதுப் பெட்டிக்கு வந்துவிட்டது. சாமி பழைய பெட்டியின் மகிழடியிலேயே தங்கிவிட்டார்.

4. மகிழடி எது?

அது கணக்கின் குலத்தைப் பொறுத்தது. ஐமேப் குலத்தில் மெயில் சர்வரிலேயே இருக்கும். புதுப் பெட்டியில் கணக்கைச் சேர்த்தால் தானே இறங்கிவிடும். அங்கே அதன் நகலான ஓ.எஸ்.டி. கோப்பைச் சுமந்து திரிவது வீண் வேலை. பாப் குலத்தில் மெயில் கணினிக்கு இறங்கியதும் சர்வரிலிருந்து அழிந்துபோயிருக்கலாம். அப்போது கணினியில் மெயிலைச் சேமித்து வைத்திருக்கும் பி.எஸ்.டி. கோப்பு ஒன்றே கதி. அவுட்லுக்கின் அக்கவுண்ட் செட்டிங்ஸில் டேட்டா ஃபைல்ஸ் என்ற பகுதியைத் திறந்தால் அது குடியிருக்கும் முகவரி தெரியும்.

5. பெயர்க்கும் முறை

அவுட்லுக்கை மூடிய பிறகே கோப்பைத் தொட வேண்டும். 32 ஜிபி பென் டிரைவ், இடம் தாராளமாக இருந்தும், 5 ஜிபி கோப்பை ஏற்க மறுத்தால் பென் டிரைவைத் திட்டக் கூடாது. ஃபேட்32 முறையில் ஃபார்மட் ஆனதில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு ஏறாது. அதிலுள்ளதை வேறிடத்தில் வைத்துவிட்டு எக்ஸ்ஃபேட்டாக மாற்றினால் ஏறும். புதுப் பெட்டியில் கோப்பைத் திறந்து, மிகப் பழைய மெயில் ஒன்றின் அட்டாச்மென்ட் திறக்கிறதா என்று பார்க்க வேண்டும். மெயில் கணக்கின் பாஸ்வேர்டு கோப்போடு வராது. அதைப் போட்டுவைத்தவர் இப்போது துபாயில் இருக்கிறார் என்பது இவ்வட்டாரத்தில் வழக்கமாகக் கிடைக்கும் தகவல். ஒரு மாதமாவது பழைய பெட்டியை ஃபார்மட் செய்யாமல் வைத்திருப்பது உத்தமம்.

6. எதிர்வாதமும் முடிபும்

'போனால் போகட்டும்' என்றொரு கட்சி உண்டு. அதன் மூலவர் பட்டினத்தார்; கடல் வணிகம் செய்த குடும்பத்தில் பிறந்து, காதறுந்த ஊசியோடு கணக்கை முடித்துக்கொண்டவர். அவர் சமாதியும் இதே திருவொற்றியூரில், கடற்கரையோரம்தான் இருக்கிறது. மெயிலைத் தொலைத்த கிளார்க்குகள் இவரை மேற்கோள் காட்டக்கூடும். அது செல்லாது. பட்டினத்தாரிடம் சுங்க உரிமம் இல்லை. சுங்கத் தரகர்கள் உரிம விதிமுறைகள் 2018, ஆவணங்களைக் குறைந்தது ஐந்து ஆண்டு காக்கச் சொல்கிறது. ஆகவே கிளியரிங் ஆபீஸில் துறவு பூணலாம். ஐந்து ஆண்டு முடிந்த பிறகு, பேக்கப் எடுத்துக்கொண்டு.