பீங்கானூர் மந்தி நோக்கர்

ஃபியூஸ் கட்டைகளும் கொலு பொம்மைகளும் அகல் விளக்குகளும் சூளையிலிருந்து இறங்கும் விருத்தாசலத்தில், வாரத்தின் ஆறு நாள்களும் வெள்ளைப் பொருள்களைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, விடுமுறை கிடைத்தவுடன் கன்னங்கரிய குரங்கு ஒன்றைப் படமெடுக்க மேற்கு நோக்கிப் புறப்படும் மனிதரை மந்தி நோக்கர் எனலாம். சேலம், கோவை, பொள்ளாச்சி கடந்து, ஆழியாற்றுக்கு மேல் 40 கொண்டை ஊசி வளைவுகளை வயிறு கலங்க ஏறி, வால்பாறையில் இறங்கும்போது அவர் தோளில் தொங்கும் 600 மி.மீ. லென்ஸ், வீட்டில் இன்னும் விலை சொல்லப்படாத பொருளாகும்.

அவர் தேடிவருவது சோலைமந்தி. முகத்தைச் சுற்றிச் சாம்பல் நிறப் பிடரியும் நுனியில் குஞ்சம் வைத்த வாலும் உடைய இக்குரங்கு, சிங்கவால் குரங்கு என்றும் அழைக்கப்படுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடுகளுக்கு வெளியே உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழாதது. ஆண் குரங்கைக் கடுவன் என்றும் பெண்ணை மந்தி என்றும் தொல்காப்பிய மரபியல் பிரித்துச் சொல்லியிருக்க, இவ்வினத்தில் கடுவனும் மந்தியாகவே அழைக்கப்படுவதைப் பற்றி நோக்கர் வழியெல்லாம் விளக்கிக்கொண்டு வருவார்; உடன் வருவோர் உறங்கிவிடுவதால் மறுப்பு எழுவதில்லை.

கருங்குரங்கைப் படமெடுப்பதன் சிக்கல் ஒளிமானியில் தொடங்குகிறது. ஒளிமானி என்பது காட்சியின் வெளிச்சத்தை அளக்கும் கேமரா உறுப்பு. அது தன் முன் வரும் எதையும் நடுத்தரச் சாம்பல் நிறமாகவே கருதும் இயல்புடையது. ஆகவே வெள்ளைப் பீங்கான் படத்தில் அழுக்காகத் தெரியும், ஒளியைக் கூட்ட வேண்டும். சட்டம் முழுவதையும் கரிய உடல் நிறைத்தால் அது வெளிறித் தெரியும், ஒளியைக் குறைக்க வேண்டும். ஆனால் அதே உடல் வெளுத்த வானத்தின் முன் உச்சிக்கிளையில் சிறிதாக அமர்ந்திருந்தால் வெறும் நிழலாகிவிடும் என்பதால் மறுபடியும் கூட்ட வேண்டும். சூளைச் சரக்கைப் படமெடுத்துப் பழகிய கை ஒன்று சொல்ல, படித்த பாடம் வேறொன்று சொல்ல, நோக்கர் இரண்டுக்கும் நடுவே கணக்குப் போட்டு முடிப்பதற்குள் சோலைமந்தி மூன்று மரம் தாண்டியிருக்கும். சில வேளைகளில் தாண்டாமல் இருந்து, வெளிறிப்போன படத்தில் சாம்பல் மந்தி என்னும் வேறோர் இனமாக மாறிவிடுவதும் உண்டு.

இவற்றைவிடப் பெரிய தடை அவருடைய கொள்கை. காட்டுக்குரங்கு காட்டுமரத்தில் இருக்க வேண்டும், மனிதச் சுவடு எதுவும் சட்டத்துக்குள் வரக்கூடாது என்பது அது. வால்பாறைப் புதுத்தோட்டத்துச் சோலைமந்திகளோ, தேயிலைத் தோட்டங்களுக்கிடையே எஞ்சிய துண்டுக்காட்டில் வாழ்வதால், சாலைக்கு இறங்குவதையும் கூரைகளில் உலவுவதையும் அடுக்களைகளில் புகுவதையும் பழகிக்கொண்டவை. அவை வண்டியில் அடிபடாமல் கடப்பதற்காக மரத்துக்கு மரம் கட்டப்பட்ட பாலங்களில் வரிசையாக, நல்ல வெளிச்சத்தில், முகம் காட்டி நடக்கும்போது, கயிறு தெரிகிறது என்று நோக்கர் கேமராவைத் தாழ்த்திவிடுவார். அண்ணாந்து உச்சிக்கிளையைத் துழாவிக்கொண்டிருப்பவரிடம், "சார், மேல என்ன பாக்குறீங்க? டிபன் டப்பாவைத் தூக்கிட்டுப் போகுது பாருங்க" என்று ஓட்டுநர் சொன்னாலும், டப்பாவுடன் உள்ள குரங்கு அவர் இலக்கணத்துக்குள் அடங்காது. அழிவின் விளிம்பில் உள்ள உயிர் இட்லி தின்பதை அவர் ஏற்பதில்லை.

தமிழகக் கோயில் மதில்களில் தேங்காய் மூடிக்குக் காத்திருக்கும் நாட்டுக்குரங்கை அவர் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. தலைமயிர் குல்லாய் போலப் படிந்த அதுவும் தென்னிந்தியத் தீபகற்பத்துக்கே உரியது, அண்மை மதிப்பீட்டில் ஆபத்துப் பட்டியலில் அதுவும் இடம்பெற்றுள்ளது என்று எடுத்துச் சொன்னால், "இருக்கட்டும், நம்ம ஊரிலேயே கிடைக்குதே" என்பார்.

ஊர் திரும்பியபின் தரச்சோதனை நடக்கும். கீறல், கொப்புளம், வளைவு என்று பீங்கானைக் கழிக்கும் அதே கண்டிப்போடு, வால் வெட்டுப்பட்டது, முகம் மறைந்தது, கை அசைந்தது எனப் படங்கள் கழிக்கப்படும். இந்த அளவுக்கு ஆலையில் கழிவு விழுந்தால் சூளையை மூடிவிடுவார்கள். இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில் டேவிட் ஸ்லேட்டர் என்னும் புகைப்படக்காரரின் கேமராவில் ஒரு குரங்கே பொத்தானை அழுத்தி எடுத்த படம் 2011இல் வெளியாகி, அதன் உரிமை யாருக்கு என்று அமெரிக்க நீதிமன்றங்களில் 2018 வரை வழக்கு நடந்த செய்தி அவருக்குத் தெரியும். வழக்கின் முடிவை அவர் பொருட்படுத்துவதில்லை. குரங்கு எடுத்த படத்தில் கண்கள் கூர்மையாக விழுந்திருப்பதுதான் அவரை உறுத்துகிறது. அவருடைய கேமராவோ ஒவ்வொரு முறையும் குரங்குக்கு முன்னால் உள்ள இலையையே பற்றிக்கொள்ளும். சோலைமந்தி விரும்பி உண்ணும் வெடிப்பலா மரத்தின் இலைகள் மட்டும், நரம்பு நரம்பாக, அடிப்புறத்துப் பளபளப்பு உட்பட, ஆயிரக்கணக்கில் அவர் கணினியில் சேர்ந்திருக்கின்றன.