மூக்குப் புலவர்

விஸ்கி ருசிக்கும் கூட்டத்தில் மூக்குப் புலவரைக் கண்டுபிடிக்கச் சிரமப்பட வேண்டாம். மற்றவர்களின் கோப்பை வாய்க்குப் போகும். அவருடையது மூக்குக்குப் போகும். வாய் குறுகிய கிளென்கெய்ர்ன் கோப்பை, தண்ணீரைச் சொட்டுக் கணக்கில் விட ஒரு பிப்பெட், தடித்த அட்டை போட்ட குறிப்பேடு ஆகிய மூன்றும் இல்லாமல் அவர் வெளியே கிளம்புவதில்லை. எடின்பரோவிலும் ஸ்டாக்ஹோமிலும் தனித்தனியாகத் தென்படுகிறவர், மே மாதக் கடைசியில் ஸ்காட்லாந்தின் ஐலா தீவில் நடக்கும் விழாவுக்குக் கும்பலாக வந்து சேர்வார். பீட் புகை தாராளமாக ஏறி, திராட்சை மதுப் பீப்பாயில் கிடந்து முதிர்ந்த சிங்கிள் மால்ட்தான் அவருடைய குலதெய்வம். அரை மணி நேரம் கண்மூடி முகர்ந்துவிட்டு எழுதத் தொடங்குவார்: புகை, ஆஸ்பத்திரிக் கட்டுத்துணி, கிராம்பு, தார் பூசிய கயிறு, காய்ந்த கடற்பாசி, கறுப்புச் செர்ரி ஜாம், ஆரஞ்சுத் தோல், குதிரைச் சேணம், மழை நாளில் ஒரு நூலகம், கடைசியாகத் தாத்தாவின் கம்பளிக் கோட்டு. இந்தப் பட்டியலைக் கேட்டுச் சிலர் கும்பிடுகிறார்கள், சிலர் சிரிக்கிறார்கள். இரண்டுமே அவசரம். பட்டியலின் முதல் மூன்று சொற்கள் வேதியியல், மிச்சமெல்லாம் இலக்கியம். அப்படிப் பிரித்து வாசித்தால் அவர்மேல் கோபம் வராது.

முதலில் வேதியியல். ஐலாவில் மரங்கள் குறைவு, பீட் என்னும் மக்கிய சதுப்புமண் ஏராளம். அதை வெட்டிக் காயவைத்து எரித்துத்தான் முளைகட்டிய பார்லியை உலர்த்தினார்கள். வேறு விறகில்லாத குறை, பிற்பாடு விலை உயர்ந்த ருசியாகிவிட்டது. அந்தப் புகையிலிருந்து ஃபீனால், கிரெசால், குவாயகால் முதலிய சேர்மங்கள் தானியத்தில் ஒட்டிக்கொள்கின்றன. ஃபீனால் வேறு யாருமல்ல, நம்முடைய பழைய கார்பாலிக் அமிலம்தான். 1865இல் கிளாஸ்கோ மருத்துவமனையில் ஜோசப் லிஸ்டர் புண்களைச் சுத்தப்படுத்த எடுத்துக்கொண்ட பொருள் அது. ஆகவே புலவர் ‘ஆஸ்பத்திரி’ என்று எழுதும்போது கற்பனை செய்யவில்லை, சாட்சி சொல்கிறார். உலகில் வேறெந்தச் சாப்பாட்டு மேசையிலும் ஆஸ்பத்திரி மணக்கிறது என்றால் சமைத்தவர் சண்டைக்கு வருவார். இங்கே மட்டும் அது பாராட்டுப் பத்திரம். அவர் வழுக்குவது எண்ணில். புகையின் அளவைப் பத்து லட்சத்தில் எத்தனை பங்கு ஃபீனால் என்று கணக்கிடுவார்கள். ப்ரூக்லாடி வடிசாலையின் ஆக்டமோர் 8.3 என்ற விஸ்கிக்கு அது 309. அதில் ஒரு பகுதி பிரெஞ்சுத் திராட்சை மதுப் பீப்பாய்களில் முதிர்ந்தது என்பதால் புலவருக்கு அது இரட்டைத் தரிசனம். பிள்ளையின் மதிப்பெண்ணைச் சொல்லும் தகப்பனைப்போல் 309ஐ அவர் ஊரெல்லாம் சொல்வார். ஆனால் அந்த எண் உலர்த்திய பார்லியில் எடுத்த அளவு. ஊறலிலும் வடித்தலிலும் பெரும்பங்கு போய்விடும்; புட்டிக்குள் வருவது அதைவிட மிகக் குறைவு.

பீப்பாயின் கதை இன்னும் சுவையானது. ஸ்காட்ச் என்று பெயர் வாங்க ஓக் பீப்பாயில் குறைந்தது 3 ஆண்டுகள் கிடக்க வேண்டும் என்பது சட்டம். முன்பு ஷெர்ரியோ போர்ட்டோ சிவப்பு ஒயினோ குடியிருந்த பீப்பாயானால், மரத்தில் ஊறிய மதுவும் மரத்தின் வனிலினும் டானினும் விஸ்கிக்குள் இறங்கும். “அப்படியானால் நூற்றுக்கணக்கான சேர்மங்கள் உள்ளே இருக்கின்றனவே, பத்து மணம் சொன்னால் என்ன தப்பு?” என்று புலவர் கேட்பார். சேர்மங்கள் இருப்பது மெய். மூக்கு அவற்றைத் தனித்தனியாக எண்ணும் என்பதுதான் சந்தேகம். ஆஸ்திரேலியாவில் லிவர்மோரும் லெயிங்கும் 1996இல் வெளியிட்ட ஆய்வில், வாசனைத் திரவியத் தொழிலில் பழுத்த மூக்குகளும் கலவையிலிருந்து மூன்று, மிஞ்சினால் நான்கு மணங்களுக்கு மேல் பிரித்துச் சொல்லவில்லை. பிறகு செர்ரி ஜாம் எங்கிருந்து வந்தது? கண்ணிலிருந்து வந்திருக்கலாம். 2001இல் வெளியான, பிரான்சின் போர்டோ பல்கலைக்கழகச் சோதனை ஒன்றில், வெள்ளை ஒயினில் மணமற்ற சிவப்புச் சாயம் கலந்து மதுவியல் மாணவர்கள் 54 பேரிடம் கொடுத்தார்கள். சிவப்பு ஒயினுக்கு உரிய சொற்களையே அவர்கள் எழுதினார்கள். போர்ட் பீப்பாயில் கிடந்த விஸ்கி இளஞ்சிவப்பாக இருக்கும். கோப்பையைப் பார்த்த நொடியிலேயே பழக்கூடை பாதி நிரம்பிவிடுகிறது. மிச்சத்தைப் புட்டியின் லேபிள் நிரப்புகிறது.

வடிசாலையில் கலவை செய்யும் நிபுணர்கள் மூக்கை நம்பித்தானே பிழைக்கிறார்கள் என்பது அடுத்த ஆட்சேபம். நியாயமானதுதான். ஆனால் அவர்கள் வேலை செய்யும் விதம் வேறு. விஸ்கியைத் தண்ணீர் விட்டு ஆல்கஹால் 20 சதவீதமாகும் அளவுக்குத் தளர்த்தி, பழைய மாதிரியோடு ஒப்பிட்டு, ஒத்துப்போகிறதா இல்லையா என்று பார்க்கிறார்கள். கம்பளிக் கோட்டு அங்கே வருவதில்லை. 1979இல் பென்ட்லண்ட்ஸ் ஆய்வு நிறுவனம் மணங்களுக்கென்று ஒரு சக்கரம் வரைந்ததும், இரண்டு பேர் ஒரே சொல்லால் ஒரே பொருளைச் சொல்ல வேண்டும் என்பதற்காகத்தான். மூக்குப் புலவரோ ஒருவருக்கும் கிட்டாத சொல் தமக்குக் கிட்ட வேண்டும் என்று தவம் கிடக்கிறார். தொழிலாளிக்கும் கவிஞருக்கும் உள்ள தூரம் அது. ஒரு விஷயத்தில் அவருக்கு வெற்றி உண்டு. பிப்பெட்டைக் கண்டு சிரித்தவர்கள் 2017இல் வாயை மூடிக்கொள்ள வேண்டியதாயிற்று. ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் கணினியில் மூலக்கூறுகளை ஓடவிட்டுப் பார்த்ததில், தண்ணீர் சேரச் சேரக் குவாயகால் மேற்பரப்பை நாடி வந்தது. புகை மணத்துக்குக் காரணமானவற்றில் அதுவும் ஒன்று. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று அவர் நம்மைப் பார்த்துக் கேட்கலாம். இந்த இடத்தில் மட்டும் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

யாருக்கும் கெடுதல் இல்லாத பொழுதுபோக்கை ஏன் நோண்ட வேண்டும் என்று கேட்பவர்களும் உண்டு. கெடுதல் பெரும்பாலும் இல்லை. சொல்லப்போனால் 25 மில்லியை ஒரு மணி நேரம் வைத்திருப்பவரைவிட நிதானமான குடியரை அந்த அறையில் தேட முடியாது. பக்கத்து மேசை மூன்றாவது சுற்றில் சண்டைக்குத் தயாராகும்போது இவர் இன்னும் கிராம்பா ஜாதிக்காயா என்று யோசித்துக்கொண்டிருப்பார். சிக்கல் அவருடைய கவிதை புட்டியின் பின்பக்கம் ஏறும்போதுதான். பத்து மணங்கள் அச்சான புட்டியை வாங்கியவருக்கு நான்குதான் தெரிந்தால், தன் மூக்கில்தான் கோளாறு என்று வெட்கப்படுகிறார். வெட்கப்பட ஒன்றுமில்லை. மூக்குப் புலவர் சொல்வதில் முதல் மூன்றை நம்புங்கள், மற்றதை ரசித்துக் கேளுங்கள். ஆனால் நான்காவது சொல்லிலிருந்து எதற்கும் காசு கொடுக்காதீர்கள்.