எலும்பு வரைக்கும் பால் வந்தால்தானே!

எனக்கு முட்டி வலி என்று கேள்விப்பட்டு நேற்று சகலை வந்தார். "மொதல்ல பாலை நிறுத்துங்க சகலை, அது எலும்பையே கரைச்சிடும்" என்றார். சொல்லிவிட்டு, பால் தூக்கலாகப் போட்ட காபியை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிக் குடித்தார். அவர் செருப்பை மாட்டுவதற்குள் ஊரிலிருந்து மாமியார் போன். "மாப்ள, ராத்திரி ஒரு டம்ளர் பால் குடிங்க. எலும்பு இரும்பாயிடும்."

பசும்பால் எலும்புக்கு நல்லதா இல்லையா என்பதை இன்று தீர்த்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். அதற்கு முன் ஒரு விஷயம். நான் பால் குடிக்கிறேனா என்று இரண்டு பேருமே கேட்கவில்லை. எங்கே ஐயா குடிப்பது?

காலையில் பாக்கெட்டைக் கத்தரித்ததும் முதல் மரியாதை டிகாக்‌ஷனுக்கு. அது கள்ளிச்சொட்டாக இறங்கிவிட்டால் இன்னும் கொஞ்சம் பால் கேட்கும். அடுத்தது அடுப்பின் பங்கு. நாம் பார்த்துக்கொண்டு நிற்கும்வரை பொங்காது. காலிங் பெல் அடிக்கட்டும், பர்னரே பால் குடித்துவிடும். பிறகு உறைக்கு ஊற்றியாக வேண்டும். தயிர் இல்லாத சாப்பாட்டை எங்கள் வீட்டில் சாப்பாடு என்று ஒப்புக்கொள்வதில்லை. கீழ்வீட்டு மாமி ஒரு கிண்ணம் கடன் வாங்குவார். திருப்பித் தந்ததாகச் சரித்திரம் இல்லை. சங்கடஹர சதுர்த்தி என்றால் தெருமுனைப் பிள்ளையாருக்கு அபிஷேகம். அவர் முழுக் கருங்கல், எலும்புத் தேய்மானம் வரவே வராது. கறந்த பசும்பால் அவருக்குத்தான். முட்டி தேய்ந்த எனக்கு பாக்கெட். ஏடு நெய்க்கு. நாலு மணிக் காபி தனிக் கணக்கு. வந்தவர்களுக்கு மறு காபி அதைவிடத் தனி. கடைசியில் குண்டானை அலம்பிய தண்ணீரைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றுகிறாள் என் மனைவி. அந்தச் செடிக்கு எலும்பு இருந்தால் ஜோராக இருக்கும்.

சரி, விஷயத்துக்கு வருவோம். சகலை சொன்னது அவருக்கு வாட்ஸ்அப்பில் வந்த சங்கதி. அதன் ஆதாரம் 2014-ல் வெளியான ஒரு ஸ்வீடன் ஆய்வு. தினம் மூன்று கிளாஸோ அதற்கு மேலோ பால் குடித்த பெண்களுக்கு எலும்பு முறிவு அதிகமாக இருந்தது. பால்தான் காரணம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள் என்று ஆய்வாளர்களே எச்சரித்திருந்தார்கள். அந்த வரி மட்டும் ஃபார்வர்டு ஆகவில்லை! மாமியார் கட்சிக்கும் சாட்சி உண்டு. ஆஸ்திரேலிய முதியோர் இல்லங்களில் பால், தயிர், சீஸைக் கூட்டிக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2021-ல் வெளியானது. எலும்பு முறிவு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஆனால் அவர்கள் அதுவரை கால்சியம் பற்றாமல் இருந்தவர்கள். பற்றாதவருக்குக் கொடுத்தால் பலன் தெரியும், தெரியாவிட்டால்தான் அதிசயம்.

நமக்குப் பற்றுகிறதா? பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 1000 மில்லிகிராம் கால்சியம் வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்.) 2020-ல் சொன்னது. அதற்கு முன்பு 600 போதும் என்றிருந்தார்கள். 200 மில்லி பாலில் சுமார் 240 தேறும். கேழ்வரகு 100 கிராமில் 340-க்குக் குறையாது. எள்ளில் அதைப் போல மூன்று மடங்கு. இதையெல்லாம் சொன்னால் சகலை கேழ்வரகுக்கும் ஒரு வீடியோ அனுப்புவார். வேண்டாம்.

வைட்டமின் டி, வெயில், நடை என்று இன்னும் நிறைய சொல்ல வைத்திருந்தேன். காபிக் கணக்கே இடத்தைத் தின்றுவிட்டது. ஒன்று மட்டும். வயசானவர்களின் இடுப்பெலும்பு பெரும்பாலும் உடைவது கீழே விழுவதால். வீட்டில் அறுபது தாண்டியவர் இருந்தால், அவர் கையில் பால் டம்ளரைத் திணிப்பதற்கு முன்னால் பாத்ரூம் தரையில் கிடக்கும் சோப்புத் தண்ணீரைத் தள்ளிவிட்டு, சுவரில் ஒரு கைப்பிடி அடித்துக் கொடுங்கள்.