மூன்றே முக்கால் நாழிகை: ‘கிளம்பியாச்சு’ எனும் நிலை குறித்து ஒரு திண்ணை ஆய்வு

உடம்பே இல்லாத ஒருவருக்கு நம் பஞ்சாங்கம் தினமும் ஒன்றரை மணி நேரம் ஒதுக்கியிருக்கிறது. அவர் ராகு. புராணத்தின்படி, அமுதப் பந்தியில் திருட்டுத்தனமாக உட்கார்ந்து, சூரிய சந்திரர் காட்டிக்கொடுத்ததால் தலை துண்டானவர். வானியலின்படி, நிலவின் பாதையும் சூரியனின் தோற்றப் பாதையும் வெட்டிக்கொள்ளும் இரண்டு புள்ளிகளில் ஒன்று. புள்ளிக்கு நீளமும் அகலமும் கிடையாது என்று பள்ளியில் படித்தோம். ஆனால் அதற்கு வேலை நேரம் உண்டு என்று சிவகாசி நாட்காட்டி தாளுக்குத் தாள் நிறுவுகிறது.

ராகு காலம் மெய்யா பொய்யா என்ற கேள்விக்குள் இவ்வாய்வு நுழையாது. அதற்கு இரு தரப்பிலும் மைக்குடன் ஆள் இருக்கிறார்கள். எம் கேள்வி ஒன்றே: அந்த நேரத்தில் எதையும் தொடங்கக் கூடாது என்றால், ஒரு காரியம் எந்தக் கணத்தில் தொடங்குகிறது?

முதலில் கணக்கு. பகலை எட்டுக் கூறாக்கினால், காலை 6 மணிக்கு உதயம் என்று கொண்டால், ஒரு கூறு ஒன்றரை மணி நேரம். பழைய அளவில் மூன்றே முக்கால் நாழிகை. ராகு காலம், எமகண்டம், குளிகை மூன்றுக்கும் தினம் தலா ஒரு கூறு. ஆக, வாரத்தின் 84 பகல் மணிகளில் 31½ மணி கைவிட்டுப் போகிறது. எமகண்டம் ஒழுங்குள்ள உத்தியோகஸ்தர்: வியாழன் 6 மணி, புதன் 7.30, செவ்வாய் 9 என்று நாளைப் பின்னோக்கி எண்ணினால் படிப்படியாக ஏறுவார். குளிகையும் அப்படியே. ராகுவோ திங்கள், சனி, வெள்ளி, புதன், வியாழன், செவ்வாய், ஞாயிறு என்று மனம் போன வரிசையில் இறங்குவார். கிழமைகளின் முதலெழுத்தைக் கோத்து மனப்பாட வாக்கியம் கட்டவேண்டி வந்தது அவர் ஒருவருக்காகத்தான். மூன்றும் என்றைக்கும் ஒன்றன்மேல் ஒன்று விழுவதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். விழுந்திருந்தால் நமக்கு ஒன்றரை மணி நேரமாவது மிச்சமாகியிருக்கும். அந்தத் தயவு காட்டப்படவில்லை. காலை 6 முதல் 12 வரை மூன்றும் தலைகாட்டாத நாள் ஞாயிறு மட்டுமே. ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தத்துக்கு மண்டபம் கிடைக்காததற்கு விடுமுறையை மட்டுமே காரணம் சொல்லும் சமூகவியலார் இதைப் பரிசீலிக்கலாம்.

இனித் தொடக்கம். இதில் அறிஞருலகம் மூன்று கட்சியாக நிற்கிறது. வாசற்படிக் கட்சிக்கு, வலது கால் நிலைப்படியைத் தாண்டிய கணமே பயணத்தின் தொடக்கம். வெள்ளிக்கிழமை 10.25க்கு வாசலைத் தாண்டி, எதிர்வீட்டுத் திண்ணையில் 12 மணிவரை உட்கார்ந்திருப்பவர் இக்கட்சி. அவர் பயணம் நடந்துகொண்டிருக்கிறது. எதிர்வீட்டுக் காப்பி வழிச்செலவில் சேரும். வண்டிக் கட்சிக்குச் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுங்க வேண்டும். டிக்கெட் கட்சிக்கோ ஆவணச் சான்று இருக்கிறது: கண்டக்டரின் மெஷின் சீட்டில் மணி அச்சாகியிருக்கும்.

மூன்று கட்சிகளையும் விஞ்சிய கண்டுபிடிப்பு பரஸ்தானம். பயணத்துக்கு முன்பே ஒரு நல்ல நேரம் பார்த்துப் பையையோ, பை தயாராகாவிட்டால் ஒரு துண்டையோ, பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவது. முறைப்படி ஆள் கிளம்பிவிட்டார். உடம்பு மட்டும் வீட்டில் ரசம் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது.

“கிளம்பியாச்சா மாமா?”

“பை கிளம்பியாச்சு. நான் பன்னிரண்டுக்கு மேலே வரேன்.”

தலை ஒரு கிரகமாகவும் உடல் கேதுவென்று இன்னொரு கிரகமாகவும் உத்தியோகம் பார்க்கும் ராகு இதை ஆட்சேபிக்க முடியாது. அடுக்குமாடி வாழ்க்கையில்தான் சிக்கல். பக்கத்து ஃபிளாட்காரர் பெயரே தெரியாதபோது பையை வாட்ச்மேனிடம் வைத்தால் செல்லுமா? லிப்ட்டின் விளிம்பு நிலைப்படி ஆகுமா? நிபுணர்கள் இன்னும் வாய் திறக்கவில்லை.

குளிகையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. குளிகன் சனியின் பிள்ளை. அந்த நேரத்தில் செய்தது திரும்பத் திரும்ப நடக்கும். ஆகவே நகை வாங்கலாம், கடனை அடைக்கலாம். கடன் வாங்கக் கூடாது, பிணம் எடுக்கக் கூடாது. மாதத் தவணை குளிகையின் உதவி இல்லாமலே திரும்பத் திரும்ப நடப்பதால் ஆய்வுக்குப் பயன்படாது.

அடுத்தது, எந்தக் கடிகாரம்? 1906இல் இந்திய நேரம் வந்தபோது சென்னைக்கென்று இருந்த பழைய நேரத்தைவிட அது ஒன்பது நிமிடம் முந்தியிருந்தது. போருக்காக 1942 முதல் 1945 வரை சர்க்கார் கடிகாரத்தை இன்னும் ஒரு மணி நேரம் முன்தள்ளியது. திங்கட்கிழமை 7.30க்கு ஆபீஸ் கிளம்பியவர் ராகுவிடம் அகப்பட்டாரா, தப்பினாரா? சூரியனைக் கேட்டால் ஒரு பதில், சர்க்காரைக் கேட்டால் வேறு பதில். இலங்கையிலும் 1996இல் மாறிய கடிகாரம் 2006இல்தான் பழைய நிலைக்குத் திரும்பியது. உதயத்தை வைத்தே கணக்கிடுவோம் என்ற தூய்மைவாதிகள் லண்டனில் மாட்டிக்கொள்கிறார்கள். டிசம்பரில் அங்கே பகல் எட்டு மணி நேரம்கூட இல்லை; ராகு ஒரு மணி நேரத்தில் கடையைக் கட்டிவிடுவார். ஜூனில் பகல் பதினாறரை மணி நேரம். இரண்டு மணிக்கு மேல் ஓவர்டைம்.

மறுப்பாளர் தரப்பையும் சொல்லியாக வேண்டும். சுயமரியாதை இயக்கத்தார் வேண்டுமென்றே ராகு காலத்தில் திருமணங்களை நடத்திக் காட்டினார்கள். 1967ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் அவர்களின் திருமண முறையை ஏற்றது. ராகு காலம் முடிவதற்குள் மாலை மாற்றியாக வேண்டுமென்றால் நாட்காட்டியைப் பார்த்துத்தான் அழைப்பிதழ் அச்சடிக்க முடியும். முகூர்த்தம் தவறிவிடுமே என்ற பதைப்பு எந்த மேடைக்கும் பொது என்பது எம் தாழ்மையான துணிபு.

சட்டமும் இதில் அறியாமல் ஒரு பங்கு வகிக்கிறது. வேட்புமனுவைக் காலை 11 முதல் பிற்பகல் 3 மணிக்குள் கொடுக்க வேண்டும் என்கிறது 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம். புதனன்று 12 முதல் 1.30 வரை ராகு நிற்கிறார்; வியாழனன்று 1.30க்கு வந்து 3 மணிவரை நகர மாட்டார். வெள்ளி மட்டும் 12 அடித்துவிட்டால் 3 மணிவரை மூன்றின் தொல்லையும் கிடையாது. வெள்ளிக்கிழமை 12.05க்கு ஊர்வலம் வந்து சேரும் வேட்பாளர், தாமதத்துக்குப் போக்குவரத்து நெரிசலைக் காரணம் சொன்னால் நம்பிவிடுவதே நாகரிகம்.

இறுதியாகக் கட்டுப்பாட்டுச் சோதனை. ரயிலில் ஏசி தட்கல் 10 மணிக்கும் ஸ்லீப்பர் தட்கல் 11 மணிக்கும் திறக்கின்றன. சனிக்கிழமை 10 மணி ராகு காலம். வெள்ளிக்கிழமை 11 மணியும் ராகு காலம். பையைப் பக்கத்து வீட்டில் வைத்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்த வாசற்படிக் கட்சிக்காரர், வெள்ளி 10.59க்குக் கைபேசியோடு எழுந்து சிக்னல் கிடைக்கும் இடம் தேடுகிறார். 12 மணிவரை பொறுத்திருந்து, நல்ல நேரத்தில் ஸ்லீப்பர் தட்கல் எடுத்தவர் எவரேனும் இருந்தால் இவ்வாய்வாளர் பேட்டி காண விரும்புகிறார். காத்திருப்போர் பட்டியலில் தம் எண்ணைக் குறிப்பிட்டு எழுதலாம்.