கருப்பரும் கேமராவும்

சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் மதுரை கிளம்பும்போது, அவருடைய நகைப் பட்டியலைக் கோயிலின் காவல் தெய்வமான பதினெட்டாம்படிக் கருப்பர் முன் வாசிப்பார்கள். திரும்பி வந்ததும் கணக்கு ஒப்படைப்பு. இந்தக் கருப்பரே, கதைப்படி, அழகரின் சக்தியைக் களவாட வந்த பதினெட்டு மலையாள மாந்திரீகர்களுக்குத் துணையாக வந்தவர்தான். தொழில் தெரிந்த ஆளைக் காவலுக்கு வைத்த ஊர் இது.

நாகமலை புதுக்கோட்டை, திருப்பாலைப் பக்கத்துப் புது மனைகளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. வெளியூர் போனால் ஸ்டேஷனில் சொல்லிவிட்டுப் போங்கள் என்று போலீஸ் கேட்டுக்கொண்டே இருக்கிறது. அதற்கு நமக்குக் கூச்சம். ஆனால் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் போடலாம்: ‘குடும்பத்தோடு கொடைக்கானல், 3 நாள்!’ வாசலில் நாலு கேமரா. பதிவாகும் பெட்டி பீரோ பக்கத்தில். பீரோ சாவி? பீரோ மேலேயேதான்.

2024 ஜூலையில் வந்த பாரதிய நியாய சன்ஹிதா, சங்கிலிப் பறிப்பு போன்றவற்றுக்கு 304 என்று தனிப் பிரிவே தந்திருக்கிறது. 3 ஆண்டு வரை சிறை. 5,000 ரூபாய்க்குக் குறைவான முதல் திருட்டென்றால், பொருளைத் திருப்பித் தந்தவனுக்குச் சமூக சேவைதான் தண்டனை. எங்கள் தெருச் சங்கம் தயார். இரவு வாட்ச்மேன் வேலை ரொம்ப நாளாகக் காலி, சம்பளம் தரத்தான் ஆளில்லை.