பாலத்துக்கு அந்தப்பக்கம் ஒரு பங்காளி

ஏண்டா தம்பி, சிங்கப்பூரு-மலேசியா பந்துச் சண்டை, அந்த காஸ்வே டெர்பிக்கு மறுபடியும் உசுரு குடுக்கப் போறியாமே? கேள்விப்பட்டேன். சந்தோசம். நீ உட்லண்ட்ஸ்ல பொறந்த புள்ள. சன்னலத் தொறந்தா ஜொகூரு தெரியுது. உனக்கு இல்லாத உரிமையா?

ஆனா நீ எழுதி வச்சிருக்குற திட்டத்தையும் பாத்தேன். ஜெர்சிக்கு ரெண்டு டிசைன். ஒரு சின்னம். ஹேஷ்டேக்கு. தூதுவரா ஒரு பாட்டுக்காரன். ரசிகர் அனுபவம்னு ஒரு பக்கம் முழுசா. கண்ணாடியப் போட்டுக்கிட்டு கடைசி வரைக்கும் தேடுனேன். எந்தத் தேதியில, எந்தத் திடல்ல, எவன் எவனோட ஆடுறான்? அது மட்டும் காணோம். பந்து எங்கடா தம்பி?

சின்னம் வரைஞ்சு எவனாச்சும் சண்டைய ஆரம்பிச்சிருக்கானா? 1921ல மலாயாங்குற போர்க்கப்பல் இந்தப் பக்கமா வந்து ஊரு ஊரா நின்னு போச்சு. நல்லா கவனிச்சாங்கன்னு கப்பல்காரனுவ ஒரு கிண்ணத்தக் குடுத்தானுவ. அதுக்குப் பேரு மலாயாக் கிண்ணம். அந்த வருசமே கோலாலம்பூர்ல இறுதியாட்டம். சிங்கப்பூரு ரெண்டு, சிலாங்கூரு ஒண்ணு. அவ்வளவுதான், பத்திக்கிச்சு. ஜொகூருக்குப் போற கடற்பாலம் தொறந்தது 1924ல. கணக்குப் போட்டுப் பாரு. பாலம் வர்றதுக்கு மூணு வருசம் முன்னாடியே சண்டை வந்து சேந்துருச்சு. அப்ப எவன் கையில ஹேஷ்டேக்கு இருந்துச்சு?

1929ல ஜாலான் புசார் திடல் வந்துச்சு. தேக்காவுல கடையச் சாத்திட்டு நடந்தே போயி நிக்கலாம். 1965ல நாடு ரெண்டாச்சு. பந்து ரெண்டாகல. அந்த வருசம் கிண்ணமும் நம்மகிட்டதான் இருந்துச்சு. தனிநாடு ஆன பொறகும் பினாங்கு, பேராக், சிலாங்கூருன்னு அவங்க மாநிலங்களோட வரிசையில நின்னுதான் ஆடுனோம். பாஸ்போர்ட்டு வேற, பந்தி ஒண்ணு. 1967ல கிண்ணத்துக்கு மலேசியக் கிண்ணம்னு பேர மாத்துனாங்க. பேரு மாறுனா என்ன, வாய்ச்சண்டை மாறிடுமா?

இதுல ஒரு சூட்சுமம் இருக்கு, கேட்டுக்க. ஊரு பேரு தெரியாதவனோட சண்டை வராது. வந்தா போலீஸ் கேசுதான். நிலைச்சு நிக்கிறது பங்காளிச் சண்டை. அவன் அடுப்புல என்ன கொதிக்குதுன்னு உனக்குத் தெரியும். உன் கொல்லையில என்ன காய்க்குதுன்னு அவனுக்குத் தெரியும். காலையில வரப்புத் தகராறு. சாயங்காலம் அவன் வீட்டு விசேசத்துல மொய் எழுதிட்டு, சாம்பார்ல உப்பு இல்லன்னு சொல்லிட்டு வருவோம். பாலத்துக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் அந்த மாதிரிதான்.

நம்பலையா? நம்ம ஃபாண்டி அகமதுவப் பாரு. 1980ல சிலாங்கூர எதுத்து வெற்றி கோலு போட்டாரு. அப்பறம் கோலாலம்பூருக்குப் போயி ஆடுனாரு, அவனுவ 1987லேருந்து மூணு வருசம் வரிசையா கிண்ணத்தத் தூக்குனானுவ. பொறகு பகாங்கு, 1992ல அங்கயும் கிண்ணம். 1994ல நம்ம சட்டையப் போட்டுக்கிட்டு அதே பகாங்குக்கு எதுரா நின்னு கோலடிச்சாரு. நம்ம சுந்தரமூர்த்தி கெடாவுக்கு ஆடுனவருதான். ஒருத்தனும் துரோகின்னு சொல்லல. பங்காளி வீட்டுல நாலு நாள் சாப்புட்டா சாதி கெட்டுப் போயிடுமா?

1977 கதைய உனக்கு யாரு சொல்லப் போறா. பன்னண்டு வருசமா கிண்ணம் இல்ல. பயிற்சியாளரு அங்கிள் சூ செங் குவீ. தலைவரு நம்ம சமாட் அல்லாபிச்சை, பின்னாடி நின்னாருன்னா காத்துக்கே அனுமதி வேணும். எஸ். ராஜகோபால் கார்னர்ல நின்னு வளைச்சு அடிச்சா பந்து நேரா வலைக்குள்ள போவும், கோல்கீப்பரு கூட்டத்தோட கூட்டமா வேடிக்கை பாப்பான். மெர்டேக்கா அரங்கத்துல பினாங்கோட இறுதியாட்டம். கூடுதல் நேரத்துக்குப் போயி, குவா கிம் சோங் தலையால முட்டி 3-2. காலாங்ல அரையிறுதி வரைக்கும் ராத்திரியெல்லாம் வரிசையில நின்னு டிக்கெட்டு வாங்குன கூட்டம்டா அது. சீனன், மலாய்க்காரன், தமிழன் எல்லாம் ஒரே கெட்ட வார்த்தையில ஒத்துமையா இருந்தோம்.

அப்பறம் ஏன் நின்னுச்சு? நீ பெருசா என்னமோ நெனச்சிருப்ப. கௌரவம், கொள்கைன்னு. ஒண்ணும் இல்ல. 1994ல ஷா ஆலம் அரங்கத்துல பகாங்க 4-0ன்னு துவைச்சோம். அப்பாஸ் சாட் மட்டும் மூணு கோலு. லீக்கும் நமக்கு, கிண்ணமும் நமக்கு. ஆயிரக்கணக்குல சனம் பாலம் தாண்டிப் போயி கத்திட்டு வந்துச்சு. அந்த சந்தோசம் ஆறுறதுக்குள்ள ரெண்டு சங்கமும் டிக்கெட்டு வசூலுக்குக் கணக்கு நோட்ட எடுத்துருச்சு. உனக்கு எவ்வளவு, எனக்கு எவ்வளவு. கூடவே ஆட்டத்த வெலைக்கு வாங்குற சூதாட்டத் தொல்லை. விலகிட்டோம். மைதானத்துல ஒருத்தனும் தோக்கல, மேசையில ரெண்டு பேரும் தோத்தோம். எம்பதுகளோட ஆரம்பத்துலயும் இப்படித்தான் கொஞ்ச வருசம் கோவிச்சுக்கிட்டுக் கெடந்தோம், 1985ல திரும்பப் போனோம். இந்தத் தடவ கோவம் பதினேழு வருசம்.

சரி, வீட்டுலயே ஆடிக்கலாம்னு 1996ல எஸ் லீக்கு வந்துச்சு. எட்டு அணி. அதுல ஒண்ணு யாரு? உட்லண்ட்ஸ் வெல்லிங்டன்! உன் ஊரு பேருலயே ஒரு அணி. உன் புளோக்குலேருந்து செருப்புக் காலோட போயிப் பாக்கலாம். 2007ல லீக் கிண்ணத்தோட மொத வருசமே செங்காங் பொங்கோலுக்கு நாலு போட்டு ஜெயிச்சானுவ. 2014ஓட கதை முடிஞ்சுது. இப்ப நீ சொல்லு. அந்தப் பதினெட்டு, பத்தொம்பது வருசத்துல உங்க அப்பன் எத்தன தடவ போனான்? நீ எத்தன தடவ போன? நான் போனேன். பக்கத்து நாக்காலியில பையை வச்சுக்கிட்டு, அதுக்கு அடுத்த நாக்காலியில காலையும் நீட்டிக்கிட்டு உக்காந்தேன். எடம் கேட்டு ஒருத்தனும் வரல.

ராத்திரி மூணு மணிக்குக் கோப்பிக்கடையில உக்காந்து மான்செஸ்டர்காரன் தோத்துட்டான்னு கண்ணு கலங்குற. மான்செஸ்டர்ல உனக்கு எந்த அத்தை மக இருக்கா? அவன் ஊருல மழை பெஞ்சா நீ இங்க குடை புடிக்கிற. இங்க வீட்டுக்குப் பின்னாடி திடல்ல விசில் ஊதுனா, சத்தம்னு நகரமன்றத்துக்குப் புகார் எழுதுற.

பகைக்கு உசுரு குடுக்குறதுன்னு ஒருக்கா செஞ்சும் பாத்தாச்சு தம்பி. 2012ல லயன்ஸ் டுவெல்வுன்னு ஓரணியக் கட்டி அவங்க லீக்குக்கு அனுப்புனோம். மாத்தா அவங்க இளம் புலிங்க இங்க வந்து ஆடுனானுவ. ஜாலான் புசார்ல மறுபடியும் தொண்டை கிழிஞ்சுது. 2013ல நம்ம சுந்தரமூர்த்தி பயிற்சியில லீக்கையே ஜெயிச்சோம். 2015 மே மாசம் புக்கிட் ஜாலில்ல கிளந்தான 3-1ன்னு சாய்ச்சு எஃப்ஏ கிண்ணம், அப்ப பயிற்சியாளரு யாரு? அதே ஃபாண்டி. கிண்ணத்துல பாலிசு மங்கல, அதே வருசம் நவம்பர்ல மலேசியச் சங்கம் ஒப்பந்தத்த நீட்டிக்க மாட்டேன்னுருச்சு. அணியக் கலைச்சாச்சு.

அவங்களத் திட்ட எனக்கு வாய் வரல. உங்க வீட்டுப் புள்ளைங்கள பழக்க எங்க வீட்டு முத்தம் எதுக்குன்னு அவன் கேட்டா, ஞாயந்தானே? கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசைன்னா எப்படி? நமக்கு அவன் கூட்டம் வேணும், அவன் சட்டம் வேணாம். அவனுக்கு நம்ம டிக்கெட்டுக் காசு வேணும், நம்ம ஜெயிப்பு வேணாம். ரெண்டு பக்கமும் இப்படி உக்காந்தா ஒப்பந்தத் தாளு எத்தன பக்கம் இருந்து என்ன? புருணையோட டிபிஎம்எம்மப் பாரு. நம்ம லீக்குல ரெண்டு தடவ பட்டம் வாங்குன அணி. 2025ல மூட்டையக் கட்டிக்கிட்டு மலேசிய லீக்குக்குப் போயிட்டான். ஜெர்சி டிசைனு போட்டியா வச்சான்?

நெருப்பு அணைஞ்சுதுன்னு நான் சொல்ல வரல. நாட்டணிங்க மோதுறப்ப பாத்தியா? 2014ல நம்ம புது அரங்கத்துலயே வந்து, கடைசி நிமிசத்துல 3-1ன்னு அடிச்சுட்டுப் போனானுவ. 2024 டிசம்பர்ல புக்கிட் ஜாலில்ல ஒரு கோலும் விழாம நாம தாக்குப்புடிச்சு அரையிறுதிக்குப் போனப்ப, உன் புளோக்கே கத்துச்சு. ஆனா அது எப்பவாச்சும் வர்ற திருவிழா. வருசா வருசம் இந்த மாசம், இந்தக் கெழமைன்னு இருக்கணும். பொங்கலுக்குத் தேதி கேட்டு எவனாச்சும் கூட்டம் போடுறானா?

அதனால மொதல்ல தேதியப் புடி. ஒரு ஆட்டம் இங்க, ஒரு ஆட்டம் ஜொகூர்ல. பந்து உருள்றதுக்கு முன்னாடியே வசூலப் பிரிச்சு எழுதிக் கையெழுத்து வாங்கிக்க. ஜெயிச்ச பொறகு காசு பேசுனா எல்லாரும் கெட்டவனாத்தான் தெரிவான். பெரிய அணிங்க பிகு பண்ணுனா பண்ணட்டும். மார்சிலிங் பொடியனுவளையும் ஜொகூர் பாரு பொடியனுவளையும் எறக்கி விடு. அவனுவ ஒரு தடவ அழுதுக்கிட்டு வீட்டுக்குப் போகணும், அடுத்த வருசம் வர்றதுக்கு அதுதான் காரணம். நீயும் தோக்கத் தயாரா இரு. அஞ்சு கோலு வாங்குன மறுநாள் அணியக் கலைக்கச் சொல்லி எழுதுற ஆளு நீ, எனக்குத் தெரியும்.

போக்குவரத்துக்குக் கவலைப்படாத. உட்லண்ட்ஸ் நார்த்துலேருந்து புக்கிட் சாகாருக்கு ஆர்டிஎஸ் ரயிலு, அஞ்சு நிமிசப் பயணம். ஒரு பக்கமா மணிக்குப் பத்தாயிரம் பேர ஏத்துமாம். இப்பவே சனிக்கெழமை ஆனா முக்கால் டேங்கு பெட்ரோலக் காட்டிட்டு, மீன் வாங்கவும் முடி வெட்டவும் மூணு மணி நேரம் பாலத்துல நிக்கிற சனம்தானே நாம? மீனுக்கு நிக்கிறவன் பந்துக்கு நிக்க மாட்டானா?

அந்த ஜெர்சிய அப்பறம் தைக்கலாம். இந்த வாரக் கடைசியில ஜாலான் புசார்ல என்ன ஆட்டம்னு மொதல்ல பாரு. ரெண்டு டிக்கெட்டு எடு, ஒண்ணு எனக்கு. முதியோர் சலுகை உண்டான்னு கேக்க மறந்துறாத. ஆட்டம் முடிஞ்சு தேக்காவுல தோசை உன் கணக்கு.