அய்யனார் சந்நிதியில் ஓர் ஆராய்ச்சி

இராஜபாளையத்திற்கு மேற்கே, மலையடிவாரத்து அய்யனார் கோவில் ஓடையில் காலை நனைத்தபடி, இயந்திரச் சீர்திருத்தத்தால் ஆட்குறைப்பு நேருமாயின் தொழிலாளிக்கு 21 நாள் முன்னறிவிப்புத் தருதல் வேண்டுமென்று 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டத்தின் 9ஏ பிரிவு விதித்திருந்ததன் தாத்பரியத்தை, செயற்கை நுண்ணறிவு யுகத்திற்கேற்ப ஆராய்ந்துகொண்டிருந்தான் ஓர் ஆராய்ச்சி உதவியாளன். தீர்ப்புகளைப் படித்துச் சுருக்கும் அவன் உத்தியோகத்தையே அந்த நுண்ணறிவு ஒரு நிமிஷத்தில் முடித்துவிடுகிறதென்பதை முதலில் கண்டுகொண்டவர் அவனுடைய பேராசிரியர். "எனக்கும் முன்னறிவிப்பு உண்டல்லவா, ஐயா?" என்றதற்கு, "நீ மாணாக்கனப்பா, உனக்குத் தருவது ஊதியமன்று, உதவித்தொகை" என்று சாஸ்திரோக்தமாகப் பதில் வந்ததாம். இரவெல்லாம் சம்பளமின்றிக் காவல் புரியும் அய்யனாரோ இவ்விஷயத்தில் வாய் திறக்கவில்லை. அமெரிக்கத் தொழிலுறவு வாரியம், 2016-இல் கொலம்பியா பல்கலைக்கழக வழக்கில், இத்தகைய மாணாக்க உதவியாளரும் ஊழியரே என்று தீர்ப்பளித்ததுண்டு. அதையும் அவனுக்குச் சுருக்கிச் சொன்னது அந்த நுண்ணறிவுதான்.